காதுக்கு இமை

கண்ணுக்கு இமை உண்டு. வேண்டாத காட்சி எதிர்ப்படின் மூடிக்கொள்ளலாம். வாய்க்கு இதழ்கள் உண்டு. பேசத் தகாத இடத்தில் பூட்டிக்கொள்ளலாம். காதுக்கு மட்டும் அத்தகைய கதவு ஒன்றும் இல்லை. நாம் உறங்கும்போதும் அது திறந்தே கிடக்கின்றது. இவ்வுண்மையை நான் எந்த நூலிலும் கற்றேன் அல்லேன். எங்கள் குடியிருப்பில் கீழ்த்தளத்து வீட்டில் வாழும் செவிலியர் ஒருவர், ஒருநாள் நண்பகல் எங்கள் வாயில் மணியை அழுத்தியபோதுதான் கற்றேன்.

அவர் மருத்துவமனையில் இரவுப்பணி பார்ப்பவர். காலை எட்டு மணிக்கு வீடு திரும்பிப் பகலில் உறங்குபவர். கோபத்தோடு வந்திருந்தால் நானும் ஏதேனும் எதிர்வாதம் பேசியிருப்பேன். அவரோ சிவந்த கண்களுடன், தயங்கித் தயங்கி, "சார், பாப்பா நல்லாத்தான் வாசிக்கிறா. எனக்குத்தான் தூக்கம் இல்லாமப் போயிடுது. தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். இரவெல்லாம் பிறர் உயிரைக் காத்துவிட்டு வரும் ஒருவரின் பகலுறக்கத்தைக் கெடுக்கும் இசை எவ்வளவு இனியதாயினும் அது இரைச்சலே. என் மகளின் பயிற்சியை நிறுத்தவும் எனக்கு மனமில்லை. ஹெட்போன் ஒன்றைத் தேடி நான் புறப்பட்ட கதையின் தொடக்கம் இதுவாகும்.

தமிழ்த்துறையில் பணியாற்றுபவன் 'ஹெட்போன்' என்று எழுதலாமா என நண்பர் சிலர் புருவம் உயர்த்தக்கூடும். 'தலையணி கேட்பொறி' என்று ஒரு கடையில் கேட்டுப் பார்த்தேன். அவர் தலையணை விற்கும் கடைக்கு வழி சொன்னார். ஆதலின் இக்கட்டுரையளவில் அது ஹெட்போனாகவே இருக்கட்டும்.

மகளுக்கு அப்போது வயது பன்னிரண்டு. 2021-ஆம் ஆண்டில், ஒருவர் பயன்படுத்திய யமஹா பி-45 என்னும் டிஜிட்டல் பியானோவை அவளுக்காக வாங்கியிருந்தோம். மெய்யான பியானோவைப் போன்றே எண்பத்தெட்டுக் கட்டைகள் கொண்டது. அதன் பின்புறம் ஹெட்போனுக்கென ஒரு துளை உண்டு. அதில் பின்னைச் செருகியவுடன் பியானோவின் ஒலிபெருக்கி தானாகவே வாயடைத்துக்கொள்ளும். வாசிப்பவர் செவிக்கு மட்டுமே இசை போய்ச் சேரும். காதுக்கு இல்லாத கதவை இக்கருவி வேறொரு வழியில் அமைத்துத் தருகின்றது. கேட்போன் காதை மூடாமல், ஓசையையே ஓர் அறைக்குள் பூட்டி வைக்கின்றது.

முதலில் நான் செய்தது ஒரு மடமை. உள்ளூர்க் கடைக்காரர் ஒருவர், "இந்தக் காலத்தில் யார் சார் ஒயர் மாட்டுகிறார்கள்?" என்று சொல்லிப் புளூடூத் ஹெட்போன் ஒன்றையும், பியானோவில் செருகி அலைபரப்பும் சிறு கருவி ஒன்றையும் என் தலையில் கட்டினார். வீட்டுக்கு வந்து மாட்டிய மகள், பத்து நொடிகளில் கழற்றிவிட்டாள். "நான் அடிச்சதுக்கு அப்புறம் கேட்குதுப்பா" என்றாள். எனக்கு விளங்கவில்லை. நான் மாட்டிக்கொண்டு கட்டை ஒன்றை அழுத்தினேன். விரல் இறங்கியது. ஓசை வந்தது. இரண்டிற்கும் இடையே ஒரு வெற்றிடம் இருந்தது.

புளூடூத் முறையில் ஓசையைச் சுருக்கி, அனுப்பி, மறுமுனையில் விரித்துத் தருவதற்கு நேரம் பிடிக்கின்றது. வழக்கமான முறைகளில் அது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு என்ற அளவுக்குச் சென்றுவிடும். இது ஒரு பொருட்டா என்று தோன்றும். பாட்டுக் கேட்பவனுக்கு இது பொருட்டே அன்று. பாட்டு முழுவதுமே சற்றுத் தள்ளித் தொடங்கும், அவ்வளவுதான். வாசிப்பவனுக்கோ நிலைமை வேறு. ஓசை காற்றில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கின்றது. ஐந்தில் ஒரு நொடித் தாமதம் என்றால், அறுபத்தெட்டு மீட்டருக்கு அப்பால் பியானோவை வைத்துவிட்டு, விரலை மட்டும் நீட்டி வாசிப்பதற்கு ஒப்பாகும். எங்கள் கல்லூரித் திடலின் ஒரு கோடியில் மத்தளத்தையும் மறுகோடியில் மத்தளக்காரரின் காதையும் வைத்தால் தாளம் என்னவாகும்? ஆகவே கருவி வாசிக்க வேண்டுவோர் ஒயர் உள்ள ஹெட்போனையே நாட வேண்டும். பல டிஜிட்டல் பியானோக்களின் அட்டைப்பெட்டியில் புளூடூத் என்று எழுதியிருக்கும். அதை நம்பியும் ஏமாறற்க. அவற்றுள் பெரும்பாலானவை கைப்பேசியிலிருந்து பாட்டைப் பெறுமே தவிர, ஹெட்போனுக்குத் தம் ஓசையை அனுப்பமாட்டா.

இரண்டாம் முறை சென்னைக்கு விடைத்தாள் திருத்தச் சென்றபோது, ரிச்சி தெருவில் அலைந்து ஒயர் உள்ள ஹெட்போன் ஒன்றை வாங்கினேன். காதை முழுவதும் சூழ்ந்துகொள்ளும் வகை. பின்புறம் முற்றிலும் மூடியது. விலையும் கைக்கு அடக்கம். வெளியோசை உள்ளே புகாது. உள்ளோசை வெளியே கசியாது. மகள் மகிழ்ந்தாள். கீழ்வீட்டுச் செவிலியர் உறங்கினார். எட்டு மாதங்கள் எங்கள் இல்லத்தில் அமைதி நிலவியது. அவ்வமைதியை நான் மிகவும் மெச்சிக்கொண்டேன்.

2023-ஆம் ஆண்டு, ஆடி மாதத்து மாலை ஒன்றில், நானும் என் மனைவியும் வெளியே சென்றிருந்த வேளையில், என் தாயார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். அவருக்கு வயது எழுபத்தெட்டு. எழுந்திருக்க இயலாமல் பேத்தியைப் பெயர் சொல்லி அழைத்திருக்கிறார். பேத்தி பத்தடி தொலைவில், அடுத்த அறையில், ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தேர்வுக்குரிய பாடத்தை வாசித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் திரும்பிக் கதவைத் திறந்தபோது, குளியலறையிலிருந்து நலிந்த குரல் ஒன்றும், கூடத்து அறையிலிருந்து கட்டைகள் தட்டப்படும் 'டொக் டொக்' என்னும் ஓசையும் ஒருசேரக் கேட்டன. அந்த இரண்டு ஓசைகளையும் நான் மறக்கவல்லேன் அல்லேன்.

தாயாருக்கு மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரங்களில் கட்டுப் பிரித்தார்கள். "புள்ளைய ஒண்ணும் சொல்லிடாதே, நான் சத்தமாக் கூப்பிடல" என்று மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே அவர் எனக்குக் கட்டளையிட்டார். நாங்கள் எவரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. ஆயினும் அவள் பியானோவின் மேல் துணியைப் போர்த்தினாள். ஆறு வாரங்கள் அத்துணி நீங்கவில்லை. தேர்வுக்குக் கட்டிய பணமும் போயிற்று. "அப்பாயி கூப்பிட்டா எனக்குக் கேட்கணும்ப்பா. கேட்கலைன்னா எனக்குப் பியானோ வேண்டாம்" என்பதே அவள் முடிவு. குற்றம் அவளுடையது அன்று. வீட்டை எண்ணாமல் பெட்டியில் எழுதியிருந்த வாசகத்தை மட்டும் எண்ணி வாங்கியவன் நான்.

அதன் பின்னரே ஹெட்போன் என்னும் கருவியைப் பற்றி நான் முறையாகக் கற்கத் தொடங்கினேன். அமெரிக்க நாட்டின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நதானியேல் பால்ட்வின் என்பார் 1910-இல் தாம் செய்த ஹெட்போன்களை அந்நாட்டுக் கடற்படைக்கு விற்றார். தந்திச் செய்தி கேட்பதற்கே அவை பயன்பட்டன. இசை கேட்பதற்கென ஸ்டீரியோ ஹெட்போனை 1958-இல் கொண்டுவந்தவர் ஜான் காஸ். அக்கால ஹெட்போன்கள் மூடியவை. 1968-இல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் 'எச்டி 414' என்னும் திறந்த வகையை வெளியிட்டது. அதன் பின்புறம் ஓட்டைகள் உடையது. காற்றும் வெளியோசையும் தாராளமாகப் போய்வரும். பின்னாளில் இவ்விரண்டிற்கும் நடுவே, பாதி திறந்த வகையும் வழக்கிற்கு வந்தது.

இம்மூன்று வகைகளுள் எது சிறந்தது என்று கேட்பது, சன்னல் சிறந்ததா சுவர் சிறந்ததா என்று கேட்பதைப் போன்றது. மாணவர் விடுதியில், ஓர் அறையில் நால்வர் இருக்குமிடத்தில், மூடிய வகையே அறம். கசியும் ஓசை அடுத்தவன் படிப்பைக் கெடுக்கும். சாலையை ஒட்டிய வீட்டிலும் அதுவே தக்கது. ஏனெனில் வெளியிரைச்சல் நுழைந்தால், அதை வெல்வதற்காக நாம் ஓசையைக் கூட்டுவோம். கூட்டிய ஓசை செவியைத் தின்னும். எங்கள் வீடோ உள்ளடங்கிய தெருவில் உள்ளது. மகளுக்குத் தனியறை உண்டு. அழைத்தால் கேட்க வேண்டிய முதியவர் ஒருவரும் உண்டு. எங்களுக்கு வேண்டியது சுவர் அன்று, சன்னல். கடையில் எவரும் என்னிடம் "வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?" என்று வினவவில்லை. அதுவன்றோ முதல் வினாவாக இருந்திருக்க வேண்டும்?

சென்னையில் இசைக்கருவிகள் விற்கும் கடை ஒன்றுக்கு மகளை அழைத்துச் சென்றேன். வரமாட்டேன் என்றவளை, "அப்பாயிக்காக வா" என்று சொல்லியே அழைத்துச் செல்ல நேர்ந்தது. என் சட்டைப்பையில் ஐந்தாயிரம் ரூபாய் இருந்தது. அங்கே பணிபுரிந்த இளைஞர் பொறுமைசாலி. காட்சிக்கு வைத்திருந்த டிஜிட்டல் பியானோ ஒன்றில் ஒவ்வொரு ஹெட்போனாக மாட்டித் தந்தார்.

முதலில் நான் கேட்டேன். இங்குதான் எனக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. ஐந்து ஹெட்போன்களில் மூன்று எனக்கு ஒன்றுபோலவே ஒலித்தன. மகள் மாட்டியவுடன், "இது மங்கலா இருக்கு, இதுல மேல்கட்டை கீச்சுனு குத்துது, இதுல இடக்கை எல்லாத்தையும் மூடிடுது" என்று அடுக்கினாள். நான் மறுபடியும் மாட்டிப் பார்த்தேன். எனக்கு எதுவும் குத்தவில்லை, எதுவும் மங்கவில்லை. பியானோவின் கீழ்க்கோடிக் கட்டை நொடிக்கு 27.5 அதிர்வுகளையும், மேல்கோடிக் கட்டை ஏறத்தாழ 4,186 அதிர்வுகளையும் எழுப்புகின்றது. ஆனால் ஓசையின் பொலிவு அத்துடன் நின்றுவிடுவதில்லை. ஒவ்வொரு ஓசையின் மேலும் அதன் துணையோசைகள் இன்னும் உயரத்தில் ஏறி நிற்கின்றன. முதுமை செவியைத் தொடும்போது அந்த மேல்மாடியைத்தான் முதலில் காலி செய்கின்றது. சில ஆண்டுகளாகப் பின்வரிசை மாணவர் சொல்லும் விடைகள் எனக்குத் தெளிவாகக் கேட்பதில்லை. அவர்கள்தாம் முணுமுணுக்கிறார்கள் என்று கடிந்துகொண்டிருந்தேன். அன்று அக்கடையில், அந்த மாணவர்களிடம் மனத்திற்குள் மன்னிப்புக் கேட்டேன். தேர்வு செய்யும் பொறுப்பை மகளிடம் விட்டுவிட்டேன்.

அவள் தேர்ந்த முறை எனக்கு வியப்பளித்தது. விருப்பமான பாட்டை வாசித்துப் பார்க்கவில்லை. இடக்கையால் மட்டும் ஒரு பகுதியை மெல்ல வாசித்தாள். அடுத்து, கட்டையைத் தொட்டும் தொடாமலும் மிக மெலிந்த ஓசையை எழுப்பிப் பார்த்தாள். பாட்டுக் கேட்பதற்கென்று விற்கப்படும் ஹெட்போன்கள் பலவற்றில் அடியோசையை வேண்டுமென்றே பெருக்கி வைக்கிறார்கள். கேட்பதற்கு அது கம்பீரமாகவே இருக்கும். வாசிப்பவருக்கு அது கேடு. இடக்கை விரல்கள் சீராக விழுந்தனவா, ஒன்று அழுந்தி மற்றொன்று நழுவிற்றா என்பதை அம்முழக்கம் மறைத்துவிடும். பிழையைப் பிழையாகக் காட்டும் ஹெட்போனே மாணவருக்கு ஆசிரியர்.

இளைஞர் சொன்ன மற்றொரு செய்தி ஓம் கணக்கு. மின்மறுப்பைக் குறிக்கும் அந்த எண் பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருக்கும். முப்பத்திரண்டு முதல் எண்பது ஓம் வரை உள்ளவை பியானோவிலும் கைப்பேசியிலும் தயக்கமின்றி ஒலிக்கும். இருநூற்றைம்பது, முந்நூறு ஓம் உடையவை சிறிய கருவிகளில் மெலிந்து ஒலிக்கக்கூடும். ஒரே பெயருடைய ஹெட்போன் வெவ்வேறு ஓம்களில் வருவதும் உண்டு. பேயர்டைனமிக் நிறுவனத்தின் 'டிடி 770 புரோ' 32, 80, 250 என மூவகையில் விற்கப்பட்டு வந்தது. பெயரை மட்டும் பார்த்து வாங்குவோர் ஏமாறுவது இங்கேதான்.

பின்னின் பருமனும் கவனிக்கத்தக்கது. கைப்பேசிப் பின் 3.5 மில்லிமீட்டர். எங்கள் பியானோவின் துளையோ 6.35 மில்லிமீட்டர். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொலைபேசி இணைப்பகங்களில் பெண்கள் அமர்ந்து செருகிக் கழற்றிய அதே பின்தான் இன்றும் இசைக்கருவிகளில் வாழ்ந்துகொண்டிருக்கிறது என்பதை எண்ண வியப்பே. ரோலண்ட் எஃப்பி-10 போன்ற சில பியானோக்களில் சிறிய துளையே உள்ளது. இரண்டிற்கும் பொருந்துமாறு திருகி மாட்டும் சிறு அடாப்டர் பெட்டிக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நலம். என் கைப்பேசியில் துளையே இல்லாததால், அதற்குத் தனியே ஓர் இணைப்பு வாங்க நேர்ந்தது.

இறுதியில் மகள் தேர்ந்தது பாதி திறந்த வகையைச் சேர்ந்த 'ஏகேஜி கே 240 ஸ்டுடியோ'. ஐம்பத்தைந்து ஓம். மூன்று மீட்டர் நீள ஒயர். ஒரு காதின் பக்கமாக மட்டும் இறங்குவதால் கையில் சிக்குவதில்லை. ஒயர் பழுதானால் கழற்றி வேறு மாட்டலாம். காது மெத்தையும் அவ்வாறே மாற்றத்தக்கது. நம் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் எந்த மெத்தையும் சில ஆண்டுகளில் உரிந்து உதிரும். மாற்ற முடியாத ஹெட்போனை மலிவு என்று வாங்குவது மலிவு ஆகாது. குறையும் இல்லாமல் இல்லை. மெத்தையின் ஆழம் குறைவு. மகளுக்குப் பொருந்துவது, மூக்குக்கண்ணாடி அணியும் எனக்கு அரை மணி நேரத்தில் நோகின்றது. விலை, நான் கொண்டுபோன தொகையைச் சற்றுத் தாண்டியது. எஞ்சியதை மகள் தன் சேமிப்பிலிருந்து தந்தாள்.

வீட்டிற்கு வந்ததும் சோதனையை நடத்தியவர் என் தாயார். ஹெட்போனை மாட்டி வாசிக்கச் சொல்லிவிட்டு, தம் அறைக் கட்டிலில் படுத்தவாறே, பெருங்குரல் எடுக்காமல், பேத்தியின் பெயரைச் சொன்னார். அவள் கைகள் நின்றன. "என்ன அப்பாயி?" என்று எழுந்து ஓடினாள். "ஒண்ணுமில்ல, போய் வாசி" என்றார். அன்று மாலை மட்டும் இந்தச் சோதனை ஏழெட்டு முறை நடந்தது. ஒவ்வொரு முறையும் அவள் சலிக்காமல் எழுந்து போனாள்.

ஓசை அளவிலும் ஓர் எச்சரிக்கை செய்தோம். பெரியவர்கள் எண்பது டெசிபல் ஓசையை வாரத்திற்கு நாற்பது மணி நேரம் வரை கேட்கலாம் என்றும், சிறுவர்களுக்கு எழுபத்தைந்து டெசிபலே தக்கது என்றும் உலக நல்வாழ்வு நிறுவனம் வரையறுத்துள்ளது. மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். வீட்டில் இதை அளக்கக் கருவி ஏது? மின்விசிறி ஓடும்போதும் அப்பாயியின் குரல் கேட்கும் அளவிற்குப் பியானோவின் திருகியை வைத்து, அவ்விடத்தில் நகப்பூச்சால் ஒரு புள்ளி இட்டாள் மகள். அப்புள்ளியைத் தாண்டக்கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

ஒரு வாரம் சென்றபின் செவிலியர் மறுபடியும் வந்தார். பாட்டு கேட்கவில்லையாம். மாறாக, கூரையிலிருந்து யாரோ மரத்தை மெல்லக் கொத்துவது போல் கேட்கிறதாம். கட்டைகளின் தட்டல், தாங்கியின் கால்கள் வழியாகத் தளத்தில் இறங்கிவிடும் என்பதை நாங்கள் அறியோம். மூடிய ஹெட்போன் காலத்திலும் அது இருந்திருக்கிறது. பாவம், சொல்லக் கூசிப் பொறுத்திருக்கிறார். தடித்த ரப்பர் விரிப்பு ஒன்றை நான்காக வெட்டிக் கால்களுக்கு அடியில் இட்டோம். ஓசை பெரிதும் அடங்கியது.

எல்லாம் முடிந்த பின்னர் எனக்கு ஒரு குறை மிஞ்சியது. மகள் நாள்தோறும் வாசிக்கிறாள். அவள் வாசிப்பை நான் கேட்பதே இல்லை. பழைய மூடிய ஹெட்போன் அலமாரியில் கிடந்தது. ஒரு துளையை இரண்டாகப் பிரிக்கும் சிறு இணைப்பை வாங்கி, அவள் பாதி திறந்ததையும் நான் மூடியதையும் மாட்டிக்கொண்டு அமர்ந்தோம். இரண்டின் ஓசையும் ஒரே அளவாக இராது. பழையது உரக்க ஒலித்தது. என் செவிக்கு அது பொருத்தமாகவே அமைந்தது. இரவு உணவுக்குப் பின் அதே ஹெட்போனில், ஸ்டீரியோ முறையில் பதிவான 'பிரியா' படத்துப் பாடல்களைக் கேட்கிறேன். 1978-இல் அப்படம் வெளிவந்தபோது டீக்கடை வானொலியில் கேட்ட பாட்டில், இடப்புறம் ஒரு கருவியும் வலப்புறம் ஒரு கருவியும் நின்றுகொண்டிருந்தன என்பது இத்தனை ஆண்டுகள் கழித்தே தெரிய வந்தது.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு. மாலை நான்கு மணிக்கு வாயில் மணி ஒலித்தது. செவிலியர் நின்றிருந்தார். ரப்பர் விரிப்பும் போதவில்லை போலும் என்று அஞ்சினேன். "இன்னைக்கு எனக்கு லீவு சார், தூங்கி எழுந்துட்டேன். பாப்பாவை அந்தக் காது மெஷின் இல்லாம வாசிக்கச் சொல்லுங்களேன். ரெண்டு வருஷமாத் தட்டுறது மட்டும்தான் எனக்குக் கேட்குது" என்றார். மகள் பின்னைப் பிடுங்கினாள். என் தாயார் நாற்காலியைக் கூடத்திற்கு இழுத்துப் போடச் சொன்னார்.